ஸ்பைருலினாத் தொட்டி வெளிறினால்: உரத்தைக் கையில் எடுக்கும் முன்

போன பங்குனியில் விசுவமடுப் பக்கத்திலிருந்து, வீட்டில் ஸ்பைருலினா என்ற சாப்பிடும் பாசி வளர்க்கும் ஒரு அக்கா காலை ஆறு மணிக்கே போன் எடுத்தார். "தம்பி, தொட்டி வெளுத்துப் போச்சு, ஒரு பேணி யூரியா போடட்டோ?" ஒன்றும் போட வேண்டாம், நான் வாறன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். முதல்நாள் தொட்டியில் பாதிக்கு மேல் அறுவடை செய்துவிட்டு, மேலே நிழலுக்குக் கட்டியிருந்த பச்சை நெற் வலையையும் கழுவக் கழற்றியிருக்கிறார். ஐதான பாசியில் நேர் வெயில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். நெற்றைத் திரும்பக் கட்டி, உரம் எதுவும் போடாமல் நாலு நாள் விட்டதும் நிறம் வந்துவிட்டது. அந்தப் பேணி யூரியா விழுந்திருந்தால் அடுத்த நாள் தொட்டியைக் கழுவி ஊற்றியிருப்போம்.

பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை வீட்டுத் தொட்டிகளைப் பார்க்கப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் இவை. நான் கண்டவரை, உரம் காணாமல் செத்த தொட்டியை விட உரம் கூடிச் செத்த தொட்டிதான் அதிகம். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் காசு போகும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

அளவுகள் எல்லாம் 1000 லீற்றர் தொட்டிக்கு, அதாவது 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 17 சென்ரிமீற்றர் தண்ணீர். உங்கள் தொட்டி வேறு அளவென்றால் முதலில் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

## பார்க்கத் தேவையானவை

பிஎச் தாள் (தண்ணீரின் காரத்தை அளப்பது, 9 முதல் 12 வரை காட்ட வேண்டும்), மீன்தொட்டி வெப்பமானி, பாமசியில் வாங்கிய 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச், கிராம் காட்டும் சின்னத் தராசு. இன்னொன்றை நீங்களே செய்யலாம்: ஒரு தடியின் நுனியில் வெள்ளைப் போத்தல் மூடியை ஆணி அடித்து, மூடியிலிருந்து மேலே சென்ரிமீற்றர் கோடு போடுங்கள். தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினால் மூடி எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தொட்டியின் அடர்த்தி. 2 சென்ரிமீற்றரில் மறைந்தால் அறுவடைக்குத் தயார். 5 தாண்டியும் தெரிந்தால் பாசி ஐது, கை வைக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் கருவிகளை விட எனக்கு இந்தத் தடி உதவியிருக்கிறது.

## அறிகுறி 1: ஆழப் பச்சை போய், மஞ்சள் கலந்த பச்சை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். நல்ல தொட்டியில் பச்சைக்குள் ஒரு நீலம் இருக்கும். அந்த நீலம் பைக்கோசயனின் என்ற நிறமி, அது ஒரு புரதம், புரதம் கட்ட நைதரசன் வேண்டும். நைதரசன் முடிந்துபோனால் பாசி தன் உடம்பிலுள்ள அந்த நீலத்தையே உடைத்துச் சாப்பிடத் தொடங்கும். நீலம் போனால் பச்சை வெளிறி, பழுக்கத் தொடங்கிய வேப்பிலை நிறத்துக்கு வரும். ஆனால் வெளிறிய எல்லாத் தொட்டியும் பட்டினி கிடக்கிறது என்றில்லை. முதலில் கேட்க வேண்டியது, எத்தனை நாளில் வெளிறியது?

### ஒரே நாளில், அல்லது இரண்டு நாளில் என்றால்

உரக் குறைவு இவ்வளவு வேகமாக வராது.

முதலில் வெயிலைப் பாருங்கள். மூடி 5 சென்ரிமீற்றர் ஆழம் தாண்டியும் தெரிகிறதா, நெற் கிழிந்திருக்கிறதா, அண்மையில் நிறைய அறுவடை செய்தீர்களா? ஆம் என்றால் இரட்டை நெற் அல்லது கிடுகு போட்டு நாலு நாள் விடுங்கள்.

அடுத்தது சூடு. மத்தியானம் இரண்டு மணிக்கு வெப்பமானியை வையுங்கள். 35 முதல் 37 பாகை வரை ஸ்பைருலினாவுக்கு நல்ல சூடு, 40 தாண்டினால் கெடத் தொடங்கும். சித்திரையில் கறுப்புத் தறப்பாள் விரித்த தொட்டிகள் இதில் அடிக்கடி மாட்டும். நிழல் போடுங்கள், வற்றிய தண்ணீரை நிரப்புங்கள்.

மூன்றாவது, புதுத் தண்ணீர் விட்டீர்களா? வயலோரக் கிணறு அல்லது வாய்க்கால் தண்ணீர் என்றால், அது காலபோகத்தில் களைநாசினி அடிக்கும் நாட்களும் என்றால், சந்தேகம் அங்கேதான். ஸ்பைருலினாவும் ஒளியில் உணவு செய்யும் உயிர், களையைக் கொல்லும் மருந்து இதையும் விடாது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. விதைப் போத்தலிலிருந்து (நல்ல பாசியில் கொஞ்சம் எடுத்து வைக்கும் போத்தல், கடைசியில் சொல்கிறேன்) புதிதாகத் தொடங்குங்கள், அந்தத் தண்ணீரைத் திரும்ப எடுக்காதீர்கள்.

### ஒரு கிழமை, பத்து நாளாக மெல்ல மெல்ல என்றால்

இப்போது உரத்தை யோசிக்கலாம். ஆனால் எந்த உரம்? இங்கேதான் எல்லாரும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். அதற்குப் பதிலாக நாலு போத்தல் சோதனை செய்யுங்கள், செலவு ஒரு தேநீர்க் காசு வராது.

லேபல் கழற்றிய, உள்ளே தெரியும் நாலு போத்தல்களில் தொட்டியின் பாசித் தண்ணீரை ஒவ்வொரு லீற்றர் எடுங்கள். முதல் போத்தலில் எதுவும் விடக்கூடாது. இரண்டாவதில் பொட்டாசியம் நைட்ரேட், மூன்றாவதில் இரும்பு, நாலாவதில் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்). மில்லிகிராமை வீட்டில் நிறுக்க முடியாது, அதனால் கரைசல் செய்யுங்கள்: 10 கிராம் நைட்ரேட்டை ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் கரைத்து அதில் 20 மில்லிலீற்றர் விட்டால் 0.2 கிராம் போகும். எப்சமுக்கும் அதே கணக்கு. இரும்புக்கு 1 கிராம் பெரஸ் சல்பேட்டை ஒரு தேசிக்காய்ச் சாற்றில் கரைத்து, பிறகு ஒரு லீற்றராக்கி, 5 மில்லிலீற்றர் விடுங்கள். போத்தல்களைத் தொட்டியோரத்தில் நிழலில் வைத்து, மூடியைத் தளர்த்தி, நாளுக்கு நாலு தரம் குலுக்குங்கள். மூன்றாம் நாள் காலை நாலையும் ஒரு வெள்ளைத் துணிக்கு முன்னால் வரிசையாக வைத்துப் பாருங்கள். எது மற்றதை விடக் கறுத்துப் பச்சையாக நிற்கிறதோ அதுதான் தொட்டி கேட்பது. முதன்முதல் செய்தபோது இரும்புப் போத்தல் மட்டும் பசளிக்கீரை நிறத்தில் தனியாக நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்கு முன் இரண்டு மாதமாக நைட்ரேட்டுக்குக் காசு கொட்டியிருந்தேன்.

நைட்ரேட் போத்தல் கறுத்தால்: அறுவடைக் கணக்கைப் பாருங்கள். காய்ந்த ஸ்பைருலினாவில் பத்தில் ஒரு பங்கு நைதரசன். 100 கிராம் காய்ந்த பாசி எடுத்தால் தொட்டியிலிருந்து 10 கிராம் நைதரசன் போய்விட்டது, அதைத் திருப்பிக் கொடுக்க 70 முதல் 75 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் வேண்டும். கடைசியாக உரம் போட்ட நாளிலிருந்து எடுத்ததைக் கூட்டி, அந்த அளவை இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள். இந்தப் பாசியால் காற்றிலுள்ள நைதரசனை எடுக்க முடியாது, நீங்கள் கொடுத்தால்தான் உண்டு.

இரும்புப் போத்தல் கறுத்தால்: 2 கிராம் பெரஸ் சல்பேட்டை மூன்று தேசிக்காய்ச் சாற்றில் கரைத்து, மாலையில் கலக்கிக்கொண்டே மெல்ல ஊற்றுங்கள். சாறில்லாமல் போட்டால் இந்தக் காரத் தண்ணீரில் இரும்பு துருவாகி அடியில் படுத்துவிடும், பாசிக்குக் கிடைக்காது. நிறம் வரத் தொடங்க மூன்று நாள் ஆகும், அதற்குள் பொறுமை இழந்து இன்னொரு தரம் போடாதீர்கள்.

எப்சம் போத்தல் கறுத்தால் 100 கிராம் போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மக்னீசியம் ஓரளவு இருப்பதால் இது குறைவாகத்தான் வரும், மழைத்தண்ணீரில் வளர்ப்பவர்களுக்கு வரலாம்.

நாலும் ஒரே மாதிரி இருந்தால் குறை உரத்தில் இல்லை. வெயில், சூடு, பிஎச் மூன்றையும் திரும்பப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்த பிள்ளைகள்கூட இதில் குழம்புகிறார்கள். "பட்டினி போட்டால் நிறம் கூடும்" என்று ஒரு கதை இருக்கிறது. அது பொய் இல்லை, ஆனால் வேறு பாசிக்குரியது. உப்பளப் பாத்தியில் வளரும் டுனாலியெல்லா, உப்பும் வெயிலும் கூடி நைதரசன் குறையும்போது பீற்றா கரோட்டீனைச் சேர்த்துச் செம்மஞ்சளாகும். ஹீமற்றோகொக்கசும் பட்டினியில்தான் சிவக்கும். அந்த நிறமிகளில் நைதரசன் கிடையாது, அதனால் உரம் இல்லாமலும் செய்ய முடியும். ஸ்பைருலினாவின் நீலத்துக்கு அது பொருந்தாது. பட்டினி போட்டீர்களென்றால் நீலம்தான் முதலில் போகும்.

## அறிகுறி 2: நிறம் நன்றாக இருக்கிறது, ஆனால் கூடவில்லை

முதலில் கலக்குகிறீர்களா? கையால் என்றால் பகலில் நாலைந்து தரமாவது கலக்க வேண்டும், மேலே மிதக்கும் படை கீழே உள்ளதற்கு வெளிச்சத்தை மறைத்துவிடும்.

பிறகு நிழல். நிழல் கூடினால் நீலம் கூடும், வளர்ச்சி குறையும். நிறம் மிக அழகாகவும் அறுவடை மிகக் குறைவாகவும் இருந்தால் ஒரு நெற்றைக் கழற்றிப் பாருங்கள், ஆனால் ஒரே நாளில் இரண்டையும் கழற்ற வேண்டாம். மார்கழி, தையில் இரவுக் குளிரில் எல்லாத் தொட்டியும் மெதுவாகும், அதற்கு உரம் தீர்வில்லை.

மாலையில் பிஎச் பாருங்கள். 9.5 முதல் 10.5 வரை சரி. 11 தொட்டால் பாசி தின்னக் கரி (காபன்) இல்லை என்று அர்த்தம். ஒரு கிலோ அப்பச்சோடா கரைத்து விடுங்கள், பிஎச்சும் இறங்கும், கரியும் கிடைக்கும். நைட்ரேட்டும் இரும்பும் வாங்கி வைத்துக்கொண்டு அப்பச்சோடாவை மறந்தவர்கள் எத்தனையோ பேர்.

இவை எல்லாம் சரியென்றால் கடைசியாகப் பொசுபரசு. ஐந்தாவது போத்தல் ஒன்று வைத்து, பொட்டாசியம் பொஸ்பேட் 10 கிராமை ஒரு லீற்றரில் கரைத்து 10 மில்லிலீற்றர் விட்டுப் பாருங்கள். கறுத்தால், அடுத்த அறிகுறியையும் படித்துவிட்டுத்தான் தொட்டியில் போட வேண்டும்.

## அறிகுறி 3: அடியில் வெள்ளை மா போல் படிகிறது

வன்னியில் தொட்டி வைத்த எல்லாரும் இதைக் காண்பார்கள். கேத்திலின் அடியில் பிடிக்கும் அதே சுண்ணாம்புதான். கல்சியம் கூடிய கிணற்றுத் தண்ணீரில் அப்பச்சோடா விழுந்து பிஎச் ஏறியதும் சுண்ணாம்பு பிரிந்து விழும், போகும்போது நீங்கள் போட்ட பொஸ்பேட்டையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால் பொஸ்பேட் போடப் போட அடியில் மா கூடும், பாசி கூடாது.

செலவில்லாத வழி: புது ஊடகத்தை, அதாவது அப்பச்சோடாவும் உப்பும் உரமும் கரைத்த வளர்ப்புத் தண்ணீரை, வேறு பீப்பாவில் கலந்து, இரண்டு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் தொட்டிக்கு எடுங்கள். பொஸ்பேட்டைத் தெளிந்த பிறகு போடுங்கள், முன்னம் அல்ல. இதை விட நல்லது மழைத்தண்ணீர்த் தாங்கி. மாரியில் நிரப்பி வைத்தால் கோடை முழுதும் வற்றியதை நிரப்ப உதவும். கிணற்றுத் தண்ணீரையே நிரப்பிக்கொண்டிருந்தால் வற்றும் ஒவ்வொரு தரமும் சுண்ணாம்பு கூடிக்கொண்டே போகும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள்.

## அறிகுறி 4: அமோனியா மணம்

மூக்கில் ஏறும் மணம், தலைமுடிக்குச் சாயம் பூசும்போது வருமே, அது. யூரியா போட்ட இரண்டாம், மூன்றாம் நாள் வரும்.

யூரியா மலிவு, அறுவடைக் கணக்கில் 100 கிராம் காய்ந்த பாசிக்கு 22 கிராம் போதும், அதனால் ஆசை வரும். ஆனால் அது உடைந்து அமோனியாவாகும். பிஎச் 10 உள்ள தண்ணீரில் அந்த அமோனியாவில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வாயு வடிவில் நிற்கும், அதுதான் பாசியைக் கொல்லும் வடிவம். நெல்லுக்குப் போட்டுப் பழகிய கைக்கு இது விளங்காது. வயலில் கொஞ்சம் கூடினால் பயிர் கறுக்கும், தொட்டியில் கூடினால் செத்துவிடும்.

இப்போதே செய்ய வேண்டியவை: எந்த உரமும் போடாதீர்கள். அறுவடையும் வேண்டாம். நன்றாகக் கலக்கிக்கொண்டேயிருங்கள், மீன்தொட்டிக் காற்றுப் பம்ப் இருந்தால் இரண்டைப் போடுங்கள், அமோனியா காற்றில் போகும். இரண்டு கிலோ அப்பச்சோடா கரைத்து விட்டால் பிஎச் கொஞ்சம் இறங்கி விஷம் குறையும். பாசி இன்னும் பச்சையாக மிதந்தால் துணியில் வடித்து, புது ஊடகத்துக்கு மாற்றுவதுதான் நிச்சயமான வழி.

பிறகும் யூரியாதான் என்றால் ஒரு நாளைக்கு 10 கிராம், பாசி அடர்த்தியாக நிற்கும் நாளில், காலையில். மூடி 4 சென்ரிமீற்றர் ஆழம் தாண்டியும் தெரிந்தால் அன்று யூரியா இல்லை. வெளிறி நோயாக நிற்கும் தொட்டிக்கு யூரியாவே வேண்டாம், நைட்ரேட் விலை கூடினாலும் அதைத்தான் கொடுங்கள்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய காலத்தில் நான் மாட்டுச் சலமும் விட்டுப் பார்த்திருக்கிறேன். பாசி வளர்ந்தது, ஆனால் நாற்றமும் கிருமியும் சேர்ந்து வந்தது. மீனுக்குப் போட்டேன், மனிதர் வாயில் வைக்கக் கொடுக்கவில்லை. வயலுக்கு விற்கும் பொஸ்பேட் உரமும் அப்படித்தான், பாறையிலிருந்து வரும் கட்மியம் போன்ற உலோகங்கள் அதில் இருக்கலாம், பாசி அவற்றை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பிள்ளைகள் சாப்பிடும் தொட்டிக்கு உணவுத் தரச் சரக்குத்தான் வாங்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

## அறிகுறி 5: துணியில் வடித்த தண்ணீரில் நிறம்

ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்.

தேத்தண்ணி நிறம்: ஊடகம் பழசாகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

பச்சை: ஒன்றில் துணி கிழிசல், அல்லது வேறு சின்னப் பாசி ஏறிவிட்டது. அப்பச்சோடாவில் மிச்சம் பிடித்து பிஎச் 9.5க்குக் கீழே விட்டவர்களுக்கு இது வரும். வேகமான மோட்டர் பம்ப் ஸ்பைருலினாவை நறுக்கிவிட்டாலும் துண்டுகள் துணியால் போகும். மிதப்பதை மட்டும் அள்ளிப் புது ஊடகத்துக்கு மாற்றி, 1000 லீற்றருக்கு 8 கிலோ அப்பச்சோடாவும் 5 கிலோ உப்பும் சரியாகப் போடுங்கள்.

நீலம்: உயிரணு உடைந்து பைக்கோசயனின் வெளியே வந்துவிட்டது. வெயிலில் பக்கவாட்டில் பார்த்தால் அந்த நீலத்துக்குள் ஒரு சிவப்பு மினுக்கம் தெரியும், பார்க்க அழகு, ஆனால் தொட்டி சாகிறது. காரணம் அநேகமாகச் சூடு, அமோனியா, அல்லது மழை. இந்த அறுவடையைச் சாப்பிட வேண்டாம்.

மழை என்றேனே, கணக்கைப் பாருங்கள்: 6 சதுர மீற்றர் தொட்டியில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 600 லீற்றர் சேரும். வடகீழ் பருவமழையில் ஒரே இரவில் இது நடக்கும். உப்பும் சோடாவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஐதாகி, பாசி வெடிக்கும். கார்த்திகைக்கு முதல் கூரை போடாவிட்டால் உரக் கணக்கெல்லாம் வீண்.

## அறிகுறி 6: பிசுபிசுப்பு, நுரை, துணி அடைக்கிறது

நைதரசன் இல்லாமல் வெளிச்சம் மட்டும் நிறையக் கிடைத்தால், பாசி கட்டும் சர்க்கரை பசையாக வெளியே வரும். அறிகுறி 1இன் போத்தல் சோதனையைச் செய்யுங்கள். நைட்ரேட் போட்டும் ஒரு கிழமையில் குறையாவிட்டால் பாதி ஊடகத்தை மாற்றுங்கள்.

## அறிகுறி 7: தொட்டியில் நல்ல நிறம், காய்ந்தபின் சாம்பல்

உரத்தைத் தொடாதீர்கள், கோளாறு காய வைப்பதில். பைக்கோசயனின் சூட்டுக்கும் வெயிலுக்கும் தாங்காது, 60 பாகை தாண்டினால் விரைவில் அழியும். பிழிந்த பாசியை இடியப்ப உரலில் போட்டு மெல்லிய இழையாகத் தட்டில் பிழிந்து, நிழலில் காற்றோட்டமாகக் காய விடுங்கள். சோளகம் அடிக்கும் நாட்களில் வலை மூடினால் ஒரே நாளில் உடைக்கும் பதம் வரும். தடித்த உருண்டையாக வைத்தால் உள்ளே புளித்து மணக்கும்.

நீலம் மிஞ்சியதா என்று பார்க்க, ஒரு கிராம் தூளை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு வையுங்கள். காலையில் மேல் தண்ணீர் நல்ல நீலமாக இருந்தால் சரி. உரம் மாற்றும்போதும் பழைய தூள், புதிய தூள் இரண்டுக்கும் இதைச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எந்த மாற்றம் வேலை செய்தது என்று கண்ணாலேயே தெரியும்.

## எப்போது மற்றவர்களிடம் போக வேண்டும்

போத்தல் சோதனை இரண்டு தரம் செய்தும் பிடிபடாவிட்டால், நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். பக்கத்துப் பாடசாலையில் உயர்தர உயிரியல் ஆசிரியரிடம் ஒரு சின்னப் போத்தலோடு போங்கள். சுருள் சுருளாகத் தெரிந்தால் ஸ்பைருலினா. நீந்தித் திரியும் உயிரினங்களோ, உருண்டை உருண்டையாக வேறு பாசியோ கூடுதலாகத் தெரிந்தால் தொட்டியைக் கைவிட வேண்டியதுதான். அதற்கு மேல் சந்தேகம் என்றால் அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

மூன்று விஷயத்தில் சொந்தமாக முடிவெடுக்க வேண்டாம். விற்கத் தொடங்கும் முன், உலோகமும் கிருமியும் ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். புதுக் கிணறு என்றால் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள், வவுனியாப் பக்கம் சில கிணறுகளில் புளோரைட்டும் அதிகம். குளத்துப் பாசியை விதையாக எடுக்கவே கூடாது: இலங்கைக் குளங்களில் விஷம் சுரக்கும் மைக்ரோசிஸ்ரிஸ் இருப்பது தெரிந்த விஷயம், அதுவும் பச்சைப் படையாகத்தான் மிதக்கும், வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அதனால் விதைப் போத்தல். தொட்டி நல்ல நிறத்தில் நிற்கும் நாளில் ஐந்து லீற்றர் எடுத்து, அகன்ற வாய்ப் போத்தல் இரண்டில் ஊற்றி, நேர் வெயில் படாத விறாந்தையில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். காலையும் மாலையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள், மாதம் ஒரு தரம் பாதியைத் தொட்டிக்கு ஊற்றிப் புது ஊடகம் நிரப்புங்கள். விசுவமடு அக்காவின் விறாந்தையில் இப்போது மூன்று போத்தல் நிற்கிறது, ஒவ்வொன்றிலும் திகதி எழுதி ஒட்டியிருக்கிறார்.